பக்கத்துல 1,000 வீடு வருது... ரோடு தாங்குமா? ட்ராஃபிக் கணக்கு எப்படிப் போடுறாங்க? முழு விளக்கம்

காலி இடத்தைச் சுற்றித் தகர வேலி போட்டாச்சு. '2 பி.எச்.கே, 3 பி.எச்.கே, ஸ்விம்மிங் பூல், கிளப் ஹவுஸ்' என்று பேனரும் வந்தாச்சு. அந்தத் தெருவில் ஏற்கெனவே குடியிருப்பவர்கள் முதலில் கேட்பது ஒரே கேள்விதான்: "இவ்ளோ வீடு வந்தா, இந்த ரோடு தாங்குமா?"

இதற்குப் பதில் சொல்ல ஒரு கணக்கு இருக்கிறது. பெரிய குடியிருப்புத் திட்டங்களுக்கு அனுமதி தரும்போது அந்தக் கணக்கைப் பார்க்கவும் செய்கிறார்கள். அப்படியும் சென்னை ஓ.எம்.ஆர் போன்ற இடங்களில் காலை 9 மணிக்கு வண்டி நகராமல் நிற்பது ஏன்? கணக்கு எங்கே தவறுகிறது? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

வீடு வந்தால் எவ்வளவு ட்ராஃபிக் கூடும்?

பலரும் மொத்த வீடுகளின் எண்ணிக்கையைத்தான் பார்க்கிறார்கள். போக்குவரத்துப் பொறியாளர்கள் பார்ப்பது வேறு. பரபரப்பான அந்த ஒரு மணி நேரத்தில், அதாவது பீக் ஹவரில், எத்தனை வண்டி வெளியே வரும், எத்தனை உள்ளே போகும் என்பதுதான் அவர்களுக்கு முக்கியம்.

ஒரு நாள் முழுக்கப் பரவலாக 2,000 வண்டி போனாலும் சாலைக்குச் சிரமம் இல்லை. அதில் கால்வாசி 8 மணிக்கும் 9 மணிக்கும் இடையே மொத்தமாக வெளியே வந்தால்தான் சிக்கல். ஆபீஸ், ஸ்கூல், காலேஜ் எல்லாம் ஏறக்குறைய ஒரே நேரத்தில் தொடங்குவதால் அப்படித்தான் நடக்கிறது.

வண்டிகளை எண்ணுவதிலும் ஒரு முறை உண்டு. டூவீலரும் லாரியும் சாலையில் ஒரே அளவு இடத்தைப் பிடிப்பதில்லை. அதனால் எல்லாவற்றையும் கார் கணக்குக்கு மாற்றுவார்கள். இதற்குப் பெயர் பி.சி.யூ. இந்திய சாலைக் காங்கிரஸ் 1990-ல் நகர்ப்புறச் சாலைகளுக்காக வெளியிட்ட வழிகாட்டுதலின்படி ஒரு கார் 1 பி.சி.யூ. டூவீலர் 0.5 முதல் 0.75 வரை. ஆட்டோ 1.2 முதல் 2 வரை. பஸ், லாரி என்றால் 2.2 முதல் 3.7 வரை. அந்தச் சாலையில் அந்த வகை வண்டி எத்தனை சதவீதம் ஓடுகிறது என்பதைப் பொறுத்து இந்த எண் மாறும்.

ஒரு ரோடு எவ்வளவு தாங்கும்?

அதே வழிகாட்டுதலில் இதற்கும் எண் இருக்கிறது. இரண்டு பக்கமும் வண்டி போகும் இருவழிச் சாலை ஒன்றை எடுத்துக்கொள்வோம். சாலையோர வீடு, கடைகளுக்கு நேரடி வழியே இல்லாமல், ஓரத்தில் வண்டியும் நிற்காமல், குறுக்குப் போக்குவரத்தும் அதிகம் இல்லாமல் இருந்தால் மணிக்கு 1,500 பி.சி.யூ வரை சீராகப் போகும். அதே அகலச் சாலையில் கேட்டுகள் திறந்து, ஓரத்தில் வண்டிகள் நின்று, குறுக்கே ஆட்களும் வண்டிகளும் போய்க்கொண்டிருந்தால் அது 900 ஆகக் குறைந்துவிடும்.

அதாவது ரோட்டின் அகலம் ஒரு அடிகூட குறையவில்லை. ஆனா 40 சதவீதத் திறன் போய்விட்டது. ஓரத்தில் நிற்கும் கார், தள்ளுவண்டிக் கடை முன் நிற்கும் பைக், ஸ்கூல் வேனுக்காக நிற்கும் ஆட்டோ எல்லாம் சேர்ந்து தின்ற இடம் அது.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. சாலை பாதி நிரம்பியிருக்கும்போது 100 வண்டி கூடினால் யாருக்கும் தெரியாது. கிட்டத்தட்ட முழுக்க நிரம்பிய நிலையில் அதே 100 வண்டி கூடினால், ஒரு சிக்னலில் போக வேண்டியவர் இரண்டு மூன்று சிக்னல் காத்திருக்க வேண்டிவரும். "போன வருஷம் நல்லாத்தானே இருந்துச்சு, திடீர்னு என்ன ஆச்சு?" என்று தோன்றுவதற்குக் காரணம் இதுதான். திடீரென்று எதுவும் ஆகவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக நிரம்பி, எல்லையைத் தாண்டிவிட்டது.

1,000 வீட்டுக்கு ஒரு மாதிரிக் கணக்கு

இது எந்தத் திட்டத்தின் கணக்கும் அல்ல. புரிந்துகொள்வதற்காகப் போடும் உதாரணம் மட்டுமே.

மெயின் ரோட்டில் போய்ச் சேரும் ஒரு இருவழித் தெரு. தாங்கும் அளவு மணிக்கு 900 பி.சி.யூ. இப்போதே 600 போகிறது. அங்கே 1,000 வீடுகள் வருகின்றன. பீக் ஹவரில் 350 காரும் 250 டூவீலரும் வெளியே வந்தால், காருக்கு 350, டூவீலருக்கு 0.75 வீதம் சுமார் 190. மொத்தம் 540. ஏற்கெனவே உள்ள 600-உடன் சேர்த்தால் 1,140. தெரு தாங்காது.

இப்போது அனுமானத்தை மட்டும் மாற்றிப் பார்ப்போம். "நிறைய பேர் வீட்டிலிருந்தே வேலை செய்வார்கள், பலர் பஸ்ஸில் போவார்கள், எல்லா வீடும் நிரம்பப் பல வருடம் ஆகும்" என்று சொல்லி 150 கார், 120 டூவீலர் என்று எழுதினால் 240 பி.சி.யூ. மொத்தம் 840. தெரு தாங்கும்!

வீடுகளின் எண்ணிக்கை அதேதான், தெருவும் அதேதான். முடிவு மட்டும் தலைகீழ். ட்ராஃபிக் ஆய்வறிக்கையில் கடைசிப் பக்கத்து முடிவைவிட, நடுவில் இருக்கும் அனுமானங்களை முதலில் பார்க்க வேண்டும் என்று சொல்வது இதனால்தான்.

பக்கத்துத் திட்டத்தை யார் எண்ணுவது?

அனுமானம் சரியாகவே இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 840 பி.சி.யூ, தெரு தாங்கும், அனுமதி கிடைத்துவிட்டது. அதே சமயத்தில், இரண்டு பிளாட் தள்ளி இன்னொரு கட்டுநர் இன்னொரு 1,000 வீடு கட்ட விண்ணப்பிக்கிறார். அவரும் இன்று தெருவில் ஓடும் 600-ஐத்தான் எண்ணுகிறார். பக்கத்தில் வரப்போகும் 240 இன்னும் ரோட்டுக்கு வரவில்லையே. அவர் கணக்கிலும் 840. அவருக்கும் 'ஓகே'.

இரண்டு கட்டடமும் நிரம்பிய பிறகு உண்மைக் கணக்கு 1,080. தெரு தாண்டிவிட்டது. ஆனால் யாருடைய அறிக்கையிலும் பொய் இல்லை.

புதிய குடியிருப்புகளால் வரும் நெரிசலின் அடிப்படைச் சிக்கல் இதுதான். அனுமதி தனித்தனியாகப் பார்க்கப்படுகிறது. ரோடு மட்டும் எல்லாவற்றையும் சேர்த்துச் சுமக்கிறது. அனுமதி பெற்று இன்னும் கட்டி முடிக்காத திட்டங்களையும் சேர்த்து எண்ணினால்தான் கணக்கு முழுமையாகும்.

ஓ.எம்.ஆரில் நடந்தது என்ன?

சென்னையில் இதை நேரில் பார்க்க ஓ.எம்.ஆர் எனப்படும் ராஜீவ் காந்தி சாலைக்குப் போனால் போதும். தரமணியில் டைடல் பார்க் 2000-ல் திறக்கப்பட்டது. மத்திய கைலாஷ் முதல் சிறுசேரி வரை சுமார் 20 கிலோமீட்டருக்கு ஆறுவழிச் சாலை 2008-ல் பயன்பாட்டுக்கு வந்தது. ஐ.டி நிறுவனங்கள் வந்தன. வேலைக்கு வந்தவர்கள் பக்கத்திலேயே வீடு தேடினார்கள். பெருங்குடி, துரைப்பாக்கம், சோழிங்கநல்லூர், நாவலூர், கேளம்பாக்கம் என்று அடுக்குமாடிகள் எழுந்தன.

ரயில் மட்டும் வரவில்லை. பறக்கும் ரயில் 2007-ல் வேளச்சேரியோடு நின்றது. ஓ.எம்.ஆர் வழியாகச் சிறுசேரி சிப்காட் வரை போகும் மெட்ரோ, இரண்டாம் கட்டத் திட்டத்தில்தான் இடம்பெற்றது. மொத்தம் 118.9 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தத் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவையின் ஒப்புதல் 2024 அக்டோபரில் கிடைத்தது. அதற்கு முன்பே தொடங்கிவிட்ட கட்டுமானப் பணி, இருந்த ரோட்டிலும் ஒரு பகுதியை எடுத்துக்கொண்டது.

ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பை மூன்று நான்கு ஆண்டுகளில் கட்டி, சாவியைக் கொடுத்துவிடலாம். ஒரு ரயில் பாதைக்குத் திட்ட அறிக்கை, நிதி, ஒப்புதல், கட்டுமானம் என்று பத்து ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிடுகிறது. அந்த இடைவெளியில் குடிவந்த ஒவ்வொரு குடும்பமும் காரோ பைக்கோ வாங்கித்தான் ஆக வேண்டும். வாங்கிய பிறகு மெட்ரோ வந்தாலும், வண்டியை விட்டு இறங்குவார்களா என்பது தனிக் கேள்வி.

கேட் எந்தப் பக்கம் திறக்குது?

ப்ரோஷரில் யாரும் பார்க்காத விஷயம் இது. குடியிருப்பின் வாசல் மெயின் ரோட்டில் திறந்தால், வெளியே வரும் ஒவ்வொரு வண்டியும் வேகமாக வரும் வண்டிகளின் நடுவே நுழைய வேண்டும். சென்டர் மீடியன் இருந்தால் இடதுபக்கம் மட்டுமே திரும்ப முடியும். எதிர்த் திசையில் போக வேண்டியவர், அடுத்த யூ-டர்ன் வரை போய்த் திரும்பி வர வேண்டும். இரண்டு நிமிடத்தில் போகிற இடத்துக்கு இரண்டு கிலோமீட்டர் சுற்று. யூ-டர்ன் எடுக்க நிற்கும் வண்டிகளோ வலதுபக்கத் தடத்தையே அடைத்துக்கொள்ளும்.

இந்தச் சிக்கலைக் குறைக்கத்தான் ஓ.எம்.ஆரில் இந்திரா நகர், டைடல் பார்க் சந்திப்புகளில் 'யூ' வடிவ மேம்பாலங்கள் கட்டப்பட்டன.

ஆறுவழிச் சாலைக்கு இந்திய சாலைக் காங்கிரஸ் சொல்லும் அளவு மணிக்கு 5,400 பி.சி.யூ. ஓரமெங்கும் வாசல்கள் திறக்கும் சாலையாக மாறினால் அது 4,300. ஒரு வண்டிகூட கூடாமலேயே ஐந்தில் ஒரு பங்கு திறன் போய்விடுகிறது. வாசலை சர்வீஸ் ரோட்டில் திறப்பது, பக்கத்துக் குடியிருப்புகளுக்குப் பொதுவான உள்சாலை அமைப்பது போன்றவை இந்த இழப்பைக் குறைக்கும்.

தண்ணி லாரியும் ட்ராஃபிக்தான்

கார், பைக் மட்டும் எண்ணினால் கணக்கு முடியாது. ஓ.எம்.ஆர் பகுதியில் பல குடியிருப்புகள் தண்ணீருக்கு டேங்கர் லாரியை நம்பி இருக்கின்றன. பாதாளச் சாக்கடை இணைப்பு இல்லாத இடங்களில் கழிவுநீர் லாரியும் வரும்.

1,000 வீடு, வீட்டுக்கு 4 பேர், ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்று வைத்தால் 5.4 லட்சம் லிட்டர் தேவை. முழுக்க லாரித் தண்ணீர்தான் என்றால், 12,000 லிட்டர் லாரி 45 தடவை வர வேண்டும். வந்து போவதைச் சேர்த்தால் 90 ஓட்டம். ஒவ்வொன்றும் இரண்டு மூன்று காருக்குச் சமம்.

குழாய் போட வேண்டிய இடத்தில் போடாமல் விட்டால், அந்தச் சுமையும் ரோட்டின் தலையில்தான் விழும்.

கார் இல்லாதவர்கள் குடியேறினால்?

"அப்போ கார் வைத்திருப்பவர்கள் வந்தால்தானே பிரச்சினை?" என்று கேட்கலாம். அதற்குப் பதில் அதே ஓ.எம்.ஆர் பக்கத்தில் இருக்கிறது.

கண்ணகி நகர், எழில் நகர், பெரும்பாக்கம் ஆகிய இடங்களில், முன்பு குடிசை மாற்று வாரியம் என்று அழைக்கப்பட்ட தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் பல்லாயிரம் வீடுகளைக் கட்டியது. கண்ணகி நகரில் மட்டும் 15,000-க்கும் மேற்பட்ட வீடுகள். கூவம், அடையாறு கரைகளில் இருந்தும் நகரின் பிற இடங்களில் இருந்தும் அகற்றப்பட்ட குடும்பங்கள் இங்கே குடியமர்த்தப்பட்டன.

இவர்களில் பெரும்பாலோரிடம் கார் இல்லை. அதனால் ரோட்டில் வண்டிகளின் எண்ணிக்கை பெரிதாகக் கூடியிருக்காது. ஆனால் வீட்டு வேலை, கட்டட வேலை, மீன் வியாபாரம், சுமை தூக்குவது என்று அவர்களுடைய பிழைப்பு முழுக்கப் பழைய இடத்தில் இருந்தது. நடந்து போன வேலைக்கு இரண்டு பஸ் மாற வேண்டிய நிலை. விடியற்காலை வேலைக்குப் போகும் பெண்ணுக்கு, அந்த நேரத்தில் பஸ் இல்லை என்றால் அந்த வேலையே இல்லை.

வண்டிகளை மட்டும் எண்ணும் ஆய்வு, இந்தக் குடியிருப்புக்கு 'பாதிப்பு குறைவு' என்று எழுதிவிடும். மனிதர்களின் பயணத்தை எண்ணினால் நேர்மாறான பதில் வரும். 2006-ம் ஆண்டின் தேசிய நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கை சொல்வதும் இதைத்தான்: வண்டிகளை நகர்த்துவதைவிட மனிதர்களை நகர்த்துவதற்கே முக்கியத்துவம் வேண்டும். அப்படிப் பார்த்தால் எத்தனை பார்க்கிங் என்ற கேள்வியோடு, எத்தனை பஸ், எத்தனை மணிக்கு என்ற கேள்வியும் வர வேண்டும்.

அனுமதி யார் தர்றாங்க?

சென்னைப் பெருநகரப் பகுதியில் பெரிய குடியிருப்புகளுக்குத் திட்ட அனுமதி தருவது சி.எம்.டி.ஏ. தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் 2019-ன்படி, 18.30 மீட்டருக்கு மேல் உயரம் இருந்தால் அது உயரமான கட்டடம். அதற்கு முன்னால் உள்ள சாலை எவ்வளவு அகலம் என்பது முக்கியம். சாலை அகலமாக இருந்தால் கட்டணம் செலுத்திக் கூடுதல் தளப்பரப்பும் வாங்கலாம். உயரமான கட்டடங்களுக்குத் தீயணைப்புத் துறையோடு போக்குவரத்துக் காவல்துறையின் தடையில்லாச் சான்றும் கேட்கப்படுகிறது.

இங்கே கவனிக்க வேண்டியது, விதி பார்ப்பது கட்டடத்துக்கு முன்னால் உள்ள சாலையின் அகலத்தை. அந்தச் சாலை 500 மீட்டர் தள்ளி ஒரு குறுகலான கல்வெட்டில் போய் முட்டினால், நெரிசல் அங்கேதான் உருவாகும்.

கட்டுமானப் பரப்பு 20,000 சதுர மீட்டரோ அதற்கு மேலோ இருந்தால், 2006-ம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் கீழ் சுற்றுச்சூழல் அனுமதியும் வேண்டும். இதற்கான விண்ணப்பத்தில் போக்குவரத்துக்கென்றே கேள்வி உண்டு. பார்க்கிங் பற்றாக்குறை வருமா, இப்போதுள்ள போக்குவரத்து வசதி என்ன, உள்ளே வரும் வழியிலும் வெளியேறும் வழியிலும் என்ன ஏற்பாடு என்று கேட்கிறார்கள்.

மக்களிடம் கருத்துக் கேட்பார்களா?

தொழிற்சாலை, சுரங்கம் என்றால் பொதுவாக மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடக்கும். ஆனால் அதே 2006 அறிவிக்கை, கட்டடத் திட்டங்களுக்கும் டவுன்ஷிப்களுக்கும் கருத்துக் கேட்பில் இருந்து விலக்கு அளித்திருக்கிறது. அதனால்தான் பக்கத்துத் தெருக்காரர்களுக்குப் பெரும்பாலும் தகர வேலி போட்ட பிறகே விஷயம் தெரிகிறது.

வாங்கும் கட்டணம் நம்ம ரோட்டுக்கு வருமா?

பெரிய கட்டடங்களிடம் உள்கட்டமைப்பு மற்றும் அடிப்படை வசதிக் கட்டணம் வசூலிக்கத் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம் 1971 வழி செய்கிறது. இந்தத் தொகை மாநில அளவிலான நிதிக்குப் போகிறது. வசூலான தெருவின் சந்திப்பைச் சீரமைக்கவே செலவிட வேண்டும் என்ற நேரடிப் பிணைப்பு இல்லை. பாதிப்பு உள்ளூரில், பணம் பொது நிதியில். இது விவாதிக்க வேண்டிய இடம்.

அப்போ வீடே கட்டக் கூடாதா?

அப்படி இல்லை. வீடு வேண்டாம் என்று ஒரு ஏரியா தடுத்துவிட்டால், அந்தக் குடும்பங்கள் காணாமல் போகப் போவதில்லை. இன்னும் 15 கிலோமீட்டர் தள்ளிப் போய் வீடு வாங்குவார்கள். தினமும் இதே ரோட்டில், இன்னும் அதிக தூரம் வண்டி ஓட்டுவார்கள். ஓ.எம்.ஆரின் வடக்கு முனையில் நிற்கும் நெரிசலில், தெற்கே தள்ளிப்போன வீடுகளின் பங்கும் உண்டு. ரயில் நிலையத்துக்கு நடந்து போகும் தூரத்தில் வரும் 1,000 வீடும், பஸ்ஸே வராத இடத்தில் வரும் 1,000 வீடும் ட்ராஃபிக் கணக்கில் ஒன்றல்ல.

நீங்க என்ன பார்க்கணும்?

உங்கள் ஏரியாவில் பெரிய குடியிருப்புத் திட்டம் வந்தால், வாங்குபவரானாலும் பக்கத்தில் குடியிருப்பவரானாலும், இவற்றைப் பார்க்கலாம்:

* தமிழ்நாடு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தின் இணையதளம்: 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்தில் அல்லது 8 வீடுகளுக்கு மேல் வரும் திட்டம் பதிவாகியிருக்க வேண்டும். அனுமதி விவரங்கள் அங்கே கிடைக்கும்.

* பரிவேஷ் இணையதளம்: சுற்றுச்சூழல் அனுமதிக்கான விண்ணப்பம், விதிக்கப்பட்ட நிபந்தனைகள் இருக்கும். நிபந்தனைகள் நிறைவேறியதா என்று கட்டுநர் ஆறு மாதத்துக்கு ஒருமுறை அறிக்கை தர வேண்டும்.

* ட்ராஃபிக் ஆய்வு: எந்த நாளில் வண்டி எண்ணினார்கள்? பள்ளி விடுமுறையிலா, வேலை நாளிலா? பக்கத்துத் திட்டங்களைச் சேர்த்தார்களா? எந்தச் சந்திப்பு வரை பார்த்தார்கள்?

* தகவல் அறியும் உரிமைச் சட்டம்: போக்குவரத்துக் காவல்துறையின் தடையில்லாச் சான்றையும் அதன் நிபந்தனைகளையும் கேட்கலாம். கட்டணம் 10 ரூபாய். 30 நாளில் பதில் தர வேண்டும்.

* தேசியப் பசுமைத் தீர்ப்பாயம்: சுற்றுச்சூழல் அனுமதியை எதிர்த்து 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். தகுந்த காரணம் இருந்தால் மேலும் 60 நாள் வரை அவகாசம் கிடைக்கும். தென்மண்டல அமர்வு சென்னையிலேயே இருக்கிறது.

இன்னொரு எளிய வழியும் உண்டு. வேலை நாளில், காலை 8 முதல் 9 மணி வரை, தெருமுனையில் இரண்டு பேர் நின்று கார், டூவீலர், ஆட்டோ, லாரி என்று தனித்தனியாக எண்ணிக் குறித்துக்கொள்ளலாம். "ரொம்ப ட்ராஃபிக் சார்" என்று மனு கொடுப்பதற்கும், "இப்போதே மணிக்கு இத்தனை பி.சி.யூ போகிறது, உங்கள் அறிக்கையில் இத்தனை என்று இருக்கிறது" என்று கேட்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது. இரண்டாவதற்கு அதிகாரி எண்ணால்தான் பதில் சொல்ல வேண்டும்.

அடுத்து என்ன?

சென்னையின் இரண்டாவது மாஸ்டர் பிளான் 2026 வரைக்குமானது. அடுத்த 20 ஆண்டுகளுக்கான மூன்றாவது மாஸ்டர் பிளானை சி.எம்.டி.ஏ தயாரிக்கிறது. பஸ், ரயில், மெட்ரோ எல்லாவற்றையும் ஒருங்கிணைக்க 2010-ம் ஆண்டு சட்டத்தின்படி அமைந்த 'கும்டா' என்ற குழுமமும் இருக்கிறது. எந்தச் சாலையை ஒட்டி இதுவரை எத்தனை வீடுகளுக்கு அனுமதி தந்திருக்கிறோம், அந்தச் சாலையில் இன்னும் எவ்வளவு இடம் மிச்சம் என்ற ஒரே பட்டியலை இந்த அமைப்புகள் பொதுவில் வைத்தால், "ரோடு தாங்குமா?" என்ற கேள்விக்குத் தகர வேலி போடும் முன்பே பதில் கிடைத்துவிடும்.